ஜீப்புக்கு வேறு விளக்கு

யுத்தம் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகி சேக்காட்டுக்குத் திரும்பியபோது எனக்கு வயது இருபத்தெட்டு. நாலு வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டியிருந்தேன். அதில் கடைசி இரண்டு வருஷம் அசாமிலிருந்து பர்மாவுக்குள் போகும் மலைப்பாதையில். ஊருக்கு வந்த பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நடக்க ஆரம்பித்தால் ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் போய், ஏதாவது ஒரு ரயில் வந்து போகும்வரை நின்று, திரும்பி வருவேன். என் பெண்டாட்டி பத்து நாள் பார்த்தாள். பிறகு, ஒரு வேலைக்காவது போ என்று சொன்னாள்.

என் அப்பாவும் அவருடைய அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர்கள். எங்கள் குடும்பத்தில் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டவன் நான்தான். திரும்பவும் சேற்றில் இறங்க மனசு வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் பூந்தமல்லியில் தனியாக டிஸ்பென்சரி வைத்திருந்த ஒரு டாக்டரம்மா, ஏலத்தில் பட்டாளத்து ஜீப் ஒன்றை எடுத்துவிட்டு, அதை ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருப்பதாக என் மச்சான் வந்து சொன்னான். அவன் என் பெண்டாட்டியின் தம்பி. ஆவடியில் பட்டாளத்து டெப்போவில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தான்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை. எந்நேரமும் வெள்ளைச் சேலை. அதுவரைக்கும் ஜட்காவில்தான் பிரசவம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஜட்காவும் போகாது, காரும் போகாது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஜீப்பை வாங்கிவிட்டார். எஞ்சின் நன்றாகவே இருந்தது. ஸ்டியரிங் இடது பக்கம். அது எனக்குப் பழக்கம்தான். விளக்குதான் ஆகாது. விமானத்திலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்று யுத்த சமயத்தில் கண்ணாடி முழுக்கக் கறுப்பு மை பூசி, நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தார்கள். நான் பிளேடால் மையைச் சுரண்டி எடுத்தேன். உள்ளே தண்ணீர் இறங்கி, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற தகடு துருப்பிடித்துக் கிடந்தது. போட்டால் முன் சக்கரத்துக்குப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். பகலில்தானே அதிகம் போகிறோம், பார்க்கலாம் என்றார்.

ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் ஏரிக்கு அப்புறமிருந்து ஆள் வந்தது. தலைப்பிரசவம், காலையிலிருந்து வலி, பிள்ளை இறங்கவில்லை என்றார்கள். நாங்கள் கிளம்பும்போதே வானம் கறுத்துவிட்டது. ஏரிக்கரை மேல் ஏறியபோது மணி ஆறுகூட ஆகவில்லை, ஆனால் மழையில் ஒன்றும் புலப்படவில்லை. கரைமேல் ஒரு வண்டி போகும் அகலம்தான். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் சரிந்து வயல். எங்களோடு வண்டியில் வந்த அந்த ஆளைக் கேட்டால், நேராகப் போங்கள் என்று மட்டும்தான் சொன்னான்.

நான் வண்டியை நிறுத்தினேன். டாக்டரம்மா இறங்கினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடையை விரித்து, வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"என் சேலையைப் பார்த்துக்கிட்டே மெதுவா வாப்பா" என்றார்.

அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் ஓட்டினேன். அந்த மங்கல் வெளிச்சத்தில் அவர் முகமோ தலையோ தெரியவில்லை, வெள்ளை மட்டும் ஆடிக்கொண்டே போனது. ஐம்பது கஜம் போயிருப்பேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மலைப்பாதையில் நாங்கள் இப்படித்தான் ஓட்டினோம். விளக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு லாரிக்கும் பின் அச்சில் வட்டமாக வெள்ளைப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். அதன் மேல் ஒரு துளி வெளிச்சம் விழும். பின்னால் வருகிறவன் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஒரு நாள் எனக்கு முன்னால் போன வெள்ளை சட்டென்று இடது பக்கம் சாய்ந்து கீழே போனது. சத்தம் அதற்கு அப்புறம்தான் கேட்டது. அந்த லாரியை ஓட்டியவன் அன்று காலையில் என்னோடு ஒரே தட்டில் சப்பாத்தி தின்றவன்.

எப்போது பிரேக்கை மிதித்தேன் என்று தெரியாது. எஞ்சின் நின்றுவிட்டது. டாக்டரம்மா திரும்பி வந்து என்னைப் பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"யுத்தத்திலயா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"சரி, இறங்கு. பெட்டியை எடுத்துக்கோ. நடந்து போயிடலாம்."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மூன்று பேரும் நடந்தோம். நாங்கள் போவதற்குள் ஊர் மருத்துவச்சி பிள்ளையை எடுத்திருந்தாள். பிள்ளை நன்றாக இருந்தது. தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்தப் பெண் போயிருப்பாள் என்று பிறகு சொன்னார். விடிந்ததும் கரைக்குத் திரும்பி வந்து வண்டியை எடுத்தோம். பாதி வழியில் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"நான் வேற டிரைவரைப் பார்க்கட்டுமா, வேற லைட்டைப் பார்க்கட்டுமா?"

"லைட்டுங்கம்மா" என்றேன்.

"அப்ப பாரு."

அம்பத்தூரில் ஏலத்து இரும்பு வாங்கி விற்கிற ஒருவர் இருந்தார். அவருடைய கொட்டகைக்கு நாலு நாள் தொடர்ந்து போனேன். கடைசியில், நசுங்கிப்போன ஒரு பழைய காரின் முகத்தில் இரண்டு பெரிய விளக்குகள் அடிபடாமல் இருப்பதைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. கண்ணாடியில் கீறல் இல்லை. உள்ளே இருந்த தகடு வெள்ளி முலாம் போட்டது, லேசாக மங்கியிருந்தாலும் முகம் தெரிந்தது. கழற்றிச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கே ஜீப் பேட்டரியில் ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். பல்ப் பீடி நெருப்பு மாதிரி சிவந்தது, அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. சாயங்காலம் மச்சான் வந்து பல்பைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தைப் படித்தான்.

"மாமே, இது பன்னெண்டு வோல்ட்டு. உன் பேட்டரி ஆறு. அது எப்டி எரியும்?"

பட்டணத்தில் ஆறு வோல்ட்டுப் பல்ப் எங்கே கிடைக்கும் என்று சொன்னான். பழைய ஒயர் மெலிசு, பாதி கரண்டை அதுவே தின்றுவிடும், தடித்த ஒயராக வாங்கு என்றான். ஒயரின் மறுமுனையை வண்டியின் உடம்பில் முடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரியும்படி வைக்க வேண்டும் என்றான். இத்தனை வருஷம் வண்டி ஓட்டியும் இது எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

டாக்டரம்மாவுக்குத் தொடர்ந்து வேலை இருந்ததால் உடனே பட்டணம் போக முடியவில்லை. விளக்குகள் வீட்டில் மூலையில் கிடந்தன. வீட்டுக்கு வந்தால் நான் முதலில் அவற்றைத்தான் போய்ப் பார்ப்பேன். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன், மாட்டுவேன், மறுபடியும் கழற்றுவேன். ராத்திரி தூக்கம் வராவிட்டால் கையால் தடவிப் பார்ப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். என் பெண்டாட்டி கிணற்றடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது ஒரு விளக்கின் தகடு. அவள் கையிலிருந்தது இன்னொன்று. புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ அழுக்கு கீது தெரியுமா? கறுப்பா வந்துகினே இருக்குது" என்றாள். முகத்தில் சந்தோஷம்.

கவிழ்த்திருந்ததை எடுத்துத் திருப்பினேன். வெள்ளி முழுக்கப் போய்விட்டது. கோடு கோடாக மஞ்சள் பித்தளை தெரிந்தது. மற்றதும் பாதிக்கு மேல் போயிருந்தது. நான் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை. ஊர் திரும்பியதிலிருந்து நான் அவளிடம் அவ்வளவு வார்த்தைகள் பேசியதில்லை, அதுமட்டும் உண்மை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நீ வந்து மூணு மாசம் ஆவுது. இத்த தொடச்சித் தொடச்சிப் பாத்துக்கினு கீற. நம்ம ஊட்ல ஒரு புள்ள இருந்துச்சே, அது கறுப்பா சேப்பான்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

நான் பட்டாளத்துக்குப் போன ஏழாவது மாசம் எங்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. மச்சான் எழுதிய கடிதத்தில் தெரிந்துகொண்டேன். அவனுடைய அடுத்த கடிதத்தில் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது என்று இருந்தது. முதல் கடிதம் நான் மாறிப்போன முகாம்களையெல்லாம் சுற்றி வந்ததால், இரண்டும் ஒரே வாரத்தில் என் கைக்கு வந்தன. நான் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேனா, சொல்லிவிடப் போகிறாளே என்று பயந்தேனா, எனக்கே தெரியாது.

சாப்பிடாமல் வெளியே போனேன். பொழுது சாயும்வரை எங்கெங்கோ நடந்தேன். திரும்பி வந்தபோது அவள் இரண்டு தகடுகளையும் துடைத்துத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"நாளக்கி பட்டணம் போறேன். நீயும் வா" என்றேன்.

காலை ரயிலில் போனோம். கல்யாணமாகி அவளோடு ரயில் ஏறியது அதுதான் முதல் தடவை. பெட்டியில் கூட்டம். வெள்ளைக்காரன் எப்போது போவான் என்பதைப் பற்றி இரண்டு பேர் பலமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். முதலில் மச்சான் சொன்ன கடையில் பல்பும் ஒயரும் வாங்கினேன். பிறகு முலாம் பூசும் கடையை விசாரித்துக் கண்டுபிடித்தோம். குறுகலான சந்தில் ஒரு சின்னக் கடை. சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, துரைமார் வீட்டு ஸ்பூன்கள் என்று வரிசையாகத் தொங்கின. கடைக்காரர் தகடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யார் இப்படிச் சுரண்டியது என்று கேட்டார். நான் ஒயர்ச் சுருளை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். விட்டுவிட்டுப் போங்கள், நாலு நாள் கழித்து வாருங்கள் என்றார். என் பெண்டாட்டி முன்னால் வந்து, நாங்கள் வெளியூர், எவ்வளவு நேரமானாலும் இங்கேயே உட்கார்ந்து வாங்கிக்கொண்டுதான் போவோம் என்று சொல்லிவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார், தகடுகளைப் பார்த்தார். மூன்று மணி நேரம் ஆகும் என்றார்.

கடைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தோம். எனக்கு இரண்டு நிமிஷத்தில் கால் அரிக்க ஆரம்பித்தது. எழுந்து சந்து முனைவரை போய் வரலாம் என்று நினைத்தேன். அப்போது அவள் தெருவைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"கறுப்புதான். நெத்தி உன்னுது மாதிரி அகலம்."

எட்டு மாசம் இருந்தானாம். தவழ மாட்டான், உட்கார்ந்தபடியே நகர்ந்து போவானாம். டெப்போ கட்டுகிற இடத்தில் அவள் மண் சுமக்கப் போகும்போது அவனைச் செங்கல் குவியலின் நிழலில் விட்டுவிட்டுப் போவாளாம். லாரி வந்தால் கையைத் தட்டுவானாம். காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் காலையில் பால் குடித்தான், மத்தியானம் குடிக்கவில்லை என்றாள். எங்கே புதைத்தார்கள் என்று சொன்னாள். என்ன பெயர் வைத்திருந்தாள் என்று சொன்னாள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு கை வண்டிக்காரன் வந்து காலை மடக்கச் சொன்னான், மடக்கினேன். மற்றபடி அசையவில்லை. அவள் முடித்த பிறகு, நானும் என் பக்கத்தைச் சொன்னேன். மலைப்பாதையைப் பற்றி, இரண்டு கடிதங்களும் சேர்ந்து வந்ததைப் பற்றி. கோர்வையாகச் சொல்ல வரவில்லை.

கடைக்காரர் தகடுகளைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவை முன்பு இருந்ததைவிடப் பளபளப்பாக இருந்தன.

அந்த விளக்குகள் ஜீப்பின் ஓட்டைக்குள் நுழையாது என்பது முன்பே தெரியும். பூந்தமல்லியில் ஒரு கொல்லரிடம் இரும்புப் பட்டையை வளைக்கச் சொல்லி, இரண்டு மட்கார்டின் மேலும் முடுக்கினேன். மச்சான் சொன்னபடி பெயிண்டைச் சுரண்டினேன், தடித்த ஒயரை இழுத்தேன். பொழுது சாய்ந்ததும் ஸ்விட்சைத் தட்டினேன். டிஸ்பென்சரிக்கு எதிரே இருந்த புளிய மரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. டாக்டரம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, கல்யாண ஊர்வலத்துக்கே வாடகைக்கு விடலாம் போலிருக்கிறதே என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சும்மாவே ரோட்டில் நாலு தடவை போய் வந்தேன்.

இரண்டு நாள்தான் அந்தச் சந்தோஷம். மூன்றாம் நாள் போரூர்ப் பக்கம் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். காட்டுப்பாக்கம் தாண்டும்போது எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது. கத்தரிக்காய் பாரம். என் வெளிச்சம் மேலே பட்டதும் மாடுகள் இரண்டும் நின்றுவிட்டன. அடுத்த கணம் பக்கவாட்டில் திரும்பி ஓட, வண்டி சாய்ந்து ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. நான் பிரேக் போட்டு ஓடினேன். மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்காரர் முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. என் அப்பா வயதிருக்கும் அவருக்கு. அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு மாட்டின் முகத்தைத் தன் தோளோடு அணைத்து, கண்ணைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, உனுக்கு மட்டுமா ரோடு? மாட்டுக்கும் கண்ணு கீதுல்ல" என்றார்.

டாக்டரம்மா அவரை ஜீப்பின் படியில் உட்காரவைத்துக் கட்டுப்போட்டார். நான் பள்ளத்தில் இறங்கிக் கத்தரிக்காய் பொறுக்கினேன். அந்த வெளிச்சத்தில் ஒரு காய்கூட விடுபடவில்லை. ஜீப்பில் கயிற்றைக் கட்டி வண்டியை மேலே இழுத்தோம். அவர் போன பிறகு புது விளக்கை அணைத்துவிட்டு, பழைய விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்து சேர்ந்தேன். மலைப்பாதையில் எனக்கு வெளிச்சம் இல்லாமல் போனதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவன், வெளிச்சம் இன்னொருவர் கண்ணில் விழும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் கேட்டு ஜீப்பைச் சேக்காட்டுக்குக் கொண்டுவந்தேன். மச்சான் வேலை முடிந்து வந்தான். வெள்ளையடித்த ஒரு சுவருக்கு எதிரே எட்டு கஜம் தள்ளி வண்டியை நிறுத்தச் சொன்னான். விளக்கு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் கரியால் கோடு போட்டான். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு நாலு விரல் கீழே இருக்க வேண்டும் என்றான். பட்டையைத் தளர்த்தி விளக்கைக் குனிய வைத்தோம். இரண்டையும் கொஞ்சம் இடது ஓரமாகத் திருப்பினோம். ஆனாலும் சுவரை நம்ப எனக்கு மனசில்லை. எதிரே யாராவது நின்று பார்த்துச் சொன்னால் தேவலை என்றேன்.

என் பெண்டாட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரோட்டில் விறுவிறுவென்று நடந்துபோய் நூறு கஜத்தில் நின்றாள். நான் விளக்கைப் போட்டேன். அவள் கையால் முகத்தை மறைத்தாள். அணைத்து, இன்னும் ஒரு சுற்றுத் தளர்த்திக் குனிய வைத்தேன். போட்டேன். வலது பக்கத்து விளக்குதான் கூசுகிறது என்று கத்தினாள். அதை மட்டும் திருப்பினேன்.

"மாட்டு ஒசரத்துக்குக் குனிஞ்சி பாக்கட்டா?" என்று அங்கிருந்து கேட்டாள்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, அப்படியே மெதுவாக எங்களை நோக்கி நடந்து வந்தாள். மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் அவனைப் பொருட்படுத்தவில்லை. கடைசிப் பத்தடி வரைக்கும் கண்ணை மூடாமல் வந்து, நிமிர்ந்து, என்னைப் பார்த்தாள்.

"இப்ப கூசல. உன் மூஞ்சி தெரியுது" என்றாள்.

திருகாணிகளை எல்லாம் பலம்கொண்ட மட்டும் முடுக்கினேன். வண்டியைப் பூந்தமல்லியில் கொண்டுபோய் விட வேண்டும். நானும் வருகிறேன் என்று அவள் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மச்சான் பின்னால் ஏறினான். டிஸ்பென்சரிக்குப் போகாமல் நேராக நசரத்பேட்டைப் பக்கம் விட்டேன். மெயின் ரோட்டில் எதிரே வரிசையாக மூன்று மாட்டு வண்டிகள் வந்தன. நான் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டி, மாடுகளின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடத் தலையைத் தூக்கவில்லை. முதல் வண்டிக்காரர் சுருட்டுப் பிடித்துக்கொண்டு போனார். கடைசி வண்டியில் ஆள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எங்களை யாரும் கவனிக்கவே இல்லை.

நான் வண்டியைத் திருப்பப் பார்த்தேன். அவள் என் கைமேல் கை வைத்தாள்.

"இன்னும் கொஞ்ச தூரம் போ" என்றாள்.

காலையில் முதல் ஷிஃப்ட் இருக்கிறது என்று மச்சான் பின்னாலிருந்து முணுமுணுத்தான். நான் கியரை மாற்றினேன்.